கடிதப் பெருக்கும் கூட்டுப் பணியும்: திறந்த மூல மென்பொருளாளரிடையே கருத்துப் பரிமாற்றம் ஒழுங்குபடுத்தப்படும் முறை

ஆசிரியர் ஒருவரின் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும், வானிலையைக் கணித்துக் கூறும் பெருங்கணிப்பொறிக்கும் அடிப்படையாக ஒரே நிரல்தான் அமைந்துள்ளது என்பது பலரும் அறியாத செய்தி. லினக்ஸ் கெர்னல் என்பது அதன் பெயர். கணிப்பொறியின் நினைவகம், வட்டு, திரை, வலைத் தொடர்பு ஆகிய உறுப்புகளைப் பிற நிரல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் உட்கரு அது. 2017 நவம்பர் முதல், உலகின் தலைசிறந்த 500 பெருங்கணிப்பொறிகள் எனப் பட்டியலிடப்படுவன யாவும் இதனைக் கொண்டே இயங்கி வருகின்றன. இத்தகைய நிரலை ஆக்குவோர் ஒரே கட்டடத்தில் அமர்ந்து பணி செய்பவர் அல்லர். ஒரே நிறுவனத்தின் ஊழியரும் அல்லர். பல நாடுகளில் வாழும் ஆயிரக்கணக்கானோர் அவர். அவருள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. அவர்களை இணைத்து வைப்பது பெரும்பாலும் கடிதமே, அதாவது மின்னஞ்சலே.

திறந்த மூல மென்பொருள் என்பதன் பொருளை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். ஒரு நிரலை மனிதர் எழுதிய வடிவில், அதாவது மூல வடிவில், எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமையுடன் வெளியிடப்படுவதே அது. திருத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு எனில், திருத்தத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பும் எல்லோருக்கும் உண்டு என்றாகிறது. இத்தகைய பணியின் வலிமை இதில்தான் உள்ளது. இடர்ப்பாடும் இதில்தான் உள்ளது. கதவு திறந்திருக்கும் வீட்டில் விருந்தினரும் வருவர், வழிப்போக்கரும் வருவர், சில வேளைகளில் திருடரும் வருவர்.

லினக்ஸ் கெர்னலின் பொது மடலாடற் குழுவுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கடிதங்கள் வருவது வழக்கமாகிவிட்டது. ஒரு கடிதத்துக்கு ஒரு நிமிடம் என்று கொண்டாலும், அவற்றைப் படித்து முடிக்கவே 16 மணி 40 நிமிடங்கள் வேண்டும். உண்பதற்கும் உறங்குவதற்கும் எஞ்சுவது ஏழு மணிச் சொச்சம். நிரல் எழுத நேரமே இல்லை. எனவே அக்குழுவுக்கு வரும் அனைத்தையும் ஒருவரும் படிப்பதில்லை. எவரும் முழுமையாகப் படிக்காத ஒரு கடிதப் பெருக்கு, தவறாமல் பயன் தருவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

மக்கள் தொகை பெருகப் பெருகப் பேச்சு அதனினும் விரைவாகப் பெருகும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதோர் இயக்க முறைமையை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெடரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் இதனை வற்புறுத்திக் கூறினார். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் பேச வேண்டுமாயின், பத்துப் பேரிடையே 45 இணைப்புகள் உண்டு. நூறு பேரிடையே 4,950. ஆயிரம் பேரிடையே 4,99,500. ஆட்கள் நூறு மடங்கானால் பேச்சு வழிகள் பதினாயிரம் மடங்குக்கும் மேலாகின்றன. வகுப்பில் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் மாணவர் எளிதில் உணர்வர்; புள்ளிகளை இட்டுக் கோடுகளால் இணைக்கச் சொன்னால் போதும், ஏழெட்டுப் புள்ளிகளுக்குள் பலகை நிறைந்துவிடும். அந்நூலின் காலத்தில் மின்னஞ்சல் பரவலாக வழங்கவில்லை என்பதும், அவர் கூறியது ஊதியம் பெற்று ஓரிடத்தில் வேலை செய்தவர்களைப் பற்றியே என்பதும் நினைவில் கொள்ளத்தக்கன. வாயிற்காவலே இல்லாத கூட்டத்துக்கு இக்கணக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

பொருளும் பார்வையும்

அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் ‘பொருள்’ என்றும் ‘பார்வை’ என்றும் இரண்டு வரிகள் இருப்பதைக் களப் பணியாளர் நன்கறிவர். கடிதம் எதைப் பற்றியது என்பதை முதல் வரியும், எந்த முந்தைய கடிதத்தின் தொடர்ச்சி அது என்பதை இரண்டாம் வரியும் கூறும். மின்னஞ்சலின் அமைப்பும் இதுவேயாம். ஒவ்வோர் அஞ்சலும் புறப்படும்போது, உலகில் வேறெந்த அஞ்சலுக்கும் இல்லாத ஒரு தனி அடையாளக் குறியைப் பெறுகின்றது. அதற்கு விடை எழுதுவோரின் அஞ்சலில், விடைபெறும் கடிதத்தின் குறி தலைப்பிலேயே பதியப்படுகிறது. அதற்கும் முன்னே நிகழ்ந்த கடிதங்களின் குறிகளும் வரிசையாகச் சேர்க்கப்படுகின்றன. இவ்வேற்பாடு 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நியதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது.

இக்குறிகளைக் கொண்டு கணிப்பொறி, கடிதங்களை மரம்போல் கிளை பிரித்துக் காட்டும். முதற்கடிதம் வேர், விடைகள் கிளைகள், விடைக்கு விடை சிறுகிளை. இங்ஙனம் தொடரும் ஒன்றை ‘இழை’ என வழங்குவர். மிகப் பொருத்தமான பெயர்தான். ஆயிரம் கடிதங்கள் என்பது இப்போது நூறோ நூற்றைம்பதோ இழைகளாகச் சுருங்கிவிடுகின்றது. தமக்குத் தொடர்பில்லாத இழையை ஒரே விசையில் முழுமையாக ஒதுக்கிவிடலாம். ஆனால் இவ்வசதி கடிதம் எழுதுவோரின் ஒழுங்கைச் சார்ந்தது. பழைய கடிதம் ஒன்றைத் திறந்து, ‘பொருளை’ மட்டும் மாற்றிப் புதிய செய்தி ஒன்றை எழுதிவிடுவோர் உளர். பார்வைக் குறி பழையதாகவே இருப்பதால் அப்புதுச் செய்தி பழைய இழையின் நடுவே புதைந்து மறைந்துபோகும். மாற்றுக் கோப்பில் கட்டப்பட்ட மனுவின் கதி எதுவோ அதுவே அதன் கதியுமாம்.

கெர்னல் குழுவினர் ‘பொருள்’ வரிக்கும் கட்டுப்பாடு வகுத்துள்ளனர். திருத்தம் ஒன்றை அனுப்புவோர், அது திருத்தம் என்பதைக் குறிக்கும் ‘பேட்ச்’ என்ற சொல், எத்தனையாம் முறை அனுப்பப்படுகிறது என்ற எண், தொகுதியில் இஃது எத்தனையாவது என்ற எண் ஆகியவற்றைச் சதுர அடைப்புக்குள் இட்டு, அதன்பின் எந்த உட்பிரிவைச் சார்ந்தது என்பதையும், ஒரே வரியில் செய்தியையும் எழுத வேண்டும். ஏழு திருத்தங்கள் அடங்கிய தொகுதியாயின் 1/7, 2/7 என எண்ணிடுவர். அவற்றுக்கு முன்னே 0/7 என்ற எண்ணுடன் ஒரு முகப்புக் கடிதம் செல்லும். இரண்டாம் முறை அனுப்பும்போது முதல் முறையினின்று மாறியவை யாவை என்பதையும் குறிப்பிட வேண்டும். திருத்தத்தை இணைப்பாக அனுப்பாது, கடிதத்தின் உடலிலேயே வெறும் எழுத்தாக அனுப்புவது விதி. அழகுபடுத்தப்பட்ட, வண்ண எழுத்துகள் கொண்ட அஞ்சல்களைக் குழுவின் கணிப்பொறி ஏற்பதே இல்லை. காரணம் எளிது: ஆய்வோர் ஒவ்வொரு வரியின் கீழும் தம் கருத்தை நேரே எழுத வேண்டும். விடைத்தாளில் அந்தந்த வரியருகே சிவப்பு மையால் குறிப்பிடும் ஆசிரியரை ஒத்தது இது. கடைசித் தாளில் மொத்தமாக எழுதினால் எந்தத் தவறு எவ்வரியில் என்பது விளங்காது. வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்கிவிட்டு, விடைக்குரிய வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுதலும் மரபு. முந்நூறு வரிகளை மேற்கோளாக இட்டு, அடியில் ‘ஆம்’ என ஒரு சொல் எழுதுவோரைப் பழையோர் பொறுத்துக்கொள்வதில்லை.

ஒருவரிடம் குவிந்த சுமை

இவ்விதிகள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்க முறைமையை எழுதி வருவதாக ஒரு செய்திக் குழுவில் அறிவித்தார். திருத்தங்கள் அவருக்கே வந்தன, அவரே படித்தார், ஏற்றவற்றைச் சேர்த்தார். சில பத்துப் பேர் இருந்தவரை இம்முறை இனிது நடந்தது. கெர்னலின் 1.0 பதிப்பு 1994 மார்ச்சில் வெளியாயிற்று. ஆட்கள் பெருகினர், சேர்க்கும் கை மட்டும் ஒன்றாகவே நின்றது.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இடர் வெளிப்படையாயிற்று. அனுப்பிய திருத்தம் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, படிக்கவே படவில்லையா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. விடை வராததால் மீண்டும் அனுப்பினர். அதனால் குவியல் இரட்டித்தது. குவியல் இரட்டித்ததால் இன்னும் பல கடிதங்கள் படிக்கப்படாமல் போயின. ‘லினஸின் ஆற்றல் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை’ என்ற குறை பொதுவில் எழுந்தது. கடுஞ்சொற்கள் பரிமாறப்பட்டபின் அவர் சிறிது காலம் ஒதுங்கி ஓய்வெடுத்தார். 2002 ஜனவரியில் இதே குறை மீண்டும் தலைதூக்கியது. சிறு திருத்தங்களைத் திரட்டித் தருவதற்கெனத் தனியே ஒருவரை நியமிக்கலாம் என்ற யோசனையும் கூறப்பட்டது. ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. மௌனமாக விடப்பட்ட கடிதம் போக்குவரத்தைக் குறைப்பதில்லை, பெருக்கவே செய்கின்றது. ‘இல்லை’ என்ற ஒரு வரி விடை, பின்னால் வரும் நான்கு நினைவூட்டல்களைத் தடுக்கும். எந்த அலுவலகத்திலும் மனுக்கள் குவிவதற்கு இதுவே பாதிக் காரணம் எனலாம்.

2002 பிப்ரவரியில், திருத்தங்களைத் தொகுத்துக் கையாளும் பிட்கீப்பர் என்னும் கருவியை அவர் பயன்படுத்தத் தொடங்கினார். அது தனியார் உடைமை. 2005இல் அதன் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டபோது, அவ்வாண்டு ஏப்ரலில் சில நாட்களுக்குள் கிட் என்ற புதிய கருவியை அவரே எழுதினார். இன்று உலகெங்கும் நிரலாளர் பயன்படுத்தும் கருவி அதுவே. அதன் தொழில்நுட்பத்தை விளக்கத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே வேண்டுவது ஒன்றே: உட்பிரிவு ஒவ்வொன்றும் தன் திருத்தங்களைத் தனியே சேர்த்துவைத்து, தொகுதியாக மேலே அளிக்க இக்கருவியால் இயன்றது. ஒருவரிடம் ஆயிரம் கடிதங்கள் வருவதற்குப் பதில், அவர் நம்பும் சில பத்துப் பேரிடமிருந்து ஆளுக்குச் சில கோரிக்கைகள் வந்தால் போதும் என்றாயிற்று.

யாருக்கு எழுதுவது?

பிரித்துக்கொடுத்த பணி எவரிடம் உள்ளது என்பதை அனுப்புவோர் அறிய வேண்டுமே? அதற்கெனக் கெர்னலின் மூல நிரலுக்குள்ளேயே பராமரிப்பாளர் பட்டியல் என ஒரு கோப்பு இருக்கின்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்ட அதில், ஒவ்வோர் உட்பிரிவுக்கும் பொறுப்பானவர் பெயர், எழுத வேண்டிய மடலாடற் குழு, அவ்வுட்பிரிவுக்குரிய கோப்புகள், அதன் நிலை ஆகியவை தரப்பட்டுள்ளன. நிலையைக் குறிக்கும் சொற்கள் சுவையானவை. ஊதியம் பெற்றுப் பார்த்துக்கொள்ளப்படுவது ஒருவகை; எவரோ ஒருவர் பார்த்துக்கொள்வது மற்றொரு வகை; நேரம் கிடைத்தபோது மட்டும் கவனிக்கப்படுவது பிறிதொரு வகை. எவரும் இல்லாததற்கு ‘அநாதை’ என்றே பெயர். ஒளிவுமறைவின்றி இவ்வாறு எழுதிவைப்பதால், விடை வாராத இடத்தில் விடைக்குக் காத்திருக்கும் வீண்முயற்சி தவிர்கின்றது. திருத்தத்தைக் கொடுத்தால் எவரெவருக்கு அனுப்ப வேண்டும் என்று இப்பட்டியலைப் பார்த்துச் சொல்லும் சிறு நிரல் ஒன்றும் உடன் வழங்கப்படுகிறது.

காலத்திலும் வரம்பு உண்டு. ஒவ்வொரு பதிப்பும் வெளிவந்தவுடன் இரண்டு வாரங்கள் மட்டுமே புதியவை ஏற்கப்படும். அதன்பின் கதவு மூடப்பட்டு, பிழை நீக்கும் திருத்தங்கள் மட்டும் சேர்க்கப்படும். வாரந்தோறும் ஒரு சோதனைப் பதிப்பு வெளியாகும். ஒன்பது அல்லது பத்து வாரங்களில் அடுத்த பதிப்பு. இவ்வொரு சுற்றில் ஏறத்தாழ 2,000 பேரின் பதினாயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் சேர்கின்றன. தவறவிட்டவர் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். அது தொலைவில் இல்லை என்பதை அறிந்திருப்பதால், அரைகுறையானதை அவசரமாகத் திணிக்கும் வேகம் தணிகின்றது. விடை வராவிடில் குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்த பின்னரே நினைவூட்ட வேண்டும் என்பதும் எழுதப்பட்ட விதி.

எளிய பொருளுக்கு நீண்ட பேச்சு

எல்லாக் கடிதங்களும் தொழில்நுட்ப நுணுக்கம் பற்றியவையாயின் தொல்லை குறைவு. நடப்பது வேறு. நார்த்கோட் பார்க்கின்ஸன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1957இல் வெளியிட்ட நூலில் ஒரு நிதிக் குழுவைக் கற்பித்துக் காட்டினார். ஒரு கோடிப் பவுன் செலவாகும் அணு உலைத் திட்டம் இரண்டரை நிமிடத்தில் நிறைவேறுகின்றது. ஏனெனில் உறுப்பினருள் அதை உணர்ந்தவர் மிகச் சிலரே. எழுத்தர்களின் மிதிவண்டிக் கொட்டகைக்குக் கூரை எதனால் அமைப்பது என்பதில் முக்கால் மணி நேரம் விவாதம் நிகழ்கின்றது; ஏனெனில் கொட்டகை எல்லோருக்கும் தெரியும். பள்ளி ஆண்டுவிழாக் குழுக் கூட்டங்களில் அமர்ந்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

1999இல் ஃப்ரீ பி.எஸ்.டி. என்னும் இயக்க முறைமையின் குழுவில் இதுவே நிகழ்ந்தது. குறிப்பிட்ட வினாடிகள் காத்திருக்கும் ஒரு சிறு நிரல், முழு எண்களை மட்டுமன்றிப் பின்னங்களையும் ஏற்கலாமா என்பது கேள்வி. அதன்மேல் கடிதங்கள் ஓயாது குவியவே, டென்மார்க்கைச் சேர்ந்த பால்-ஹென்னிங் காம்ப், பார்க்கின்ஸனின் கொட்டகையை நினைவூட்டி நீண்ட மடல் ஒன்றை எழுதினார். அன்று முதல் அற்பப் பொருளின்மேல் வளரும் விவாதத்துக்கு ‘மிதிவண்டிக் கொட்டகை’ என்றே நிரலாளர் உலகில் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் வைத்ததனால் கிட்டிய நன்மை உண்மையானது. நெடுநேரம் வாதாடுவதற்குப் பதில், அச்சொல்லை ஒருவர் உச்சரித்தவுடன் பலர் நாணி நிறுத்திக்கொள்கின்றனர். எனினும் இதனை அளவறிந்தே பயன்படுத்த வேண்டும். எளியதாகத் தோன்றும் கேள்வி எல்லாம் அற்பக் கேள்வி அன்று. ஒரு கட்டளையின் பெயரைத் தவறாக வைத்துவிட்டால் பல்லாயிரவர் அதனையே பல்லாண்டு தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

முடிவு எட்டும் முறை

பேச்சு எப்போது முடிவாகும் என்பதற்கு ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு வழி கண்டது. 1995இல் எட்டுப் பேரால் தொடங்கப்பட்ட அப்பாச்சி குழுவினர், ஒப்புதலுக்குக் கூட்டல் ஒன்று, மறுப்புக்குக் கழித்தல் ஒன்று என எண்ணால் வாக்களிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். நிரல் மாற்றத்துக்குக் கழித்தல் ஒன்று இட்டால் அது தடையாணை. ஆனால் தொழில்நுட்பக் காரணம் காட்டாத தடையாணை செல்லாது. சிறு செயல்களில், மறுப்பு வாராவிடில் ஒப்புதல் எனக் கொள்வர். அதற்குப் பொதுவாகத் தரப்படும் காலம் 72 மணி நேரம். உறுப்பினர் உறங்கும் நேரமும் விடுமுறை நாளும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் மூன்று நாள் வேண்டுவதாயிற்று. நேரிற் சந்தித்தோர் தம்முள் பேசி முடித்தவை முடிவாகா. குழுவின் கடிதங்களில் பதிந்தால்தான் செல்லும் என்பதும் அவர்தம் கொள்கை.

பைதான் மொழியினர் 2000ஆம் ஆண்டிலேயே வேறொரு முறையை வகுத்தனர். பெரிய மாற்றம் வேண்டுவோர் முறையான முன்மொழிவு ஆவணம் ஒன்றை எழுத வேண்டும், எண் இடப்படும், விவாதத்தில் எழுந்த மறுப்புகளையும் அதனுள்ளேயே அவர் சேர்க்க வேண்டும். மறுக்கப்பட்ட முன்மொழிவும் அழிக்கப்படாமல், மறுத்த காரணத்துடன் நிலைத்திருக்கும். ஐந்தாண்டு கழித்துப் புதியவர் ஒருவர் அதே யோசனையுடன் வரும்போது, மீண்டும் நூறு கடிதம் எழுதாமல் எண்ணைச் சுட்டினால் போதும். இம்முறையும் எல்லா வேளையும் காப்பதில்லை. 2018இல் ஒரு கோவையின் நடுவிலேயே மதிப்பிருத்தும் குறியீட்டைப் பற்றிய 572ஆம் முன்மொழிவின்மீது கடிதங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. அம்முன்மொழிவு ஏற்கப்பட்டது, ஆனால் மொழியை ஆக்கிய கைடோ வான் ரோஸம், அவ்வாண்டு ஜூலையில் இறுதி முடிவு கூறும் பொறுப்பினின்று விலகினார். அதன்பின் ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழு தேர்ந்தெடுக்கப்படும் முறை வந்தது. வென்ற வாதமும் ஒருவரைத் தளரச் செய்துவிடும் என்பது இதனால் புலனாகிறது. கெர்னல் குழுவிலும் டோர்வால்ட்ஸின் கடுமையான நடை நெடுங்காலம் குறைகூறப்பட்டு வந்தது. 2018 செப்டம்பரில் அவர் வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் விலகி நின்றார். அப்போதே நடத்தை விதித் தொகுப்பும் ஏற்கப்பட்டது.

பேச்சே ஆயுதமாதல்

இதுவரை கூறியவை நல்லெண்ணம் கொண்டோரிடையே எழும் இடர்கள். 2024இல் வெளிப்பட்ட நிகழ்ச்சி அன்னதன்று. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இஸட் என்னும் நிரல்தொகுதி, லினக்ஸ் வழங்கல்களில் பெரும்பாலானவற்றில் இடம்பெற்றிருப்பது. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் பல ஆண்டுகளாக அதை ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். 2021 முதல் ‘ஜியா டான்’ என்ற பெயரினர் ஒருவர் திருத்தங்கள் அனுப்பலானார். 2022இல், முன்பின் அறியாத பெயர்களிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. பணி மந்தமாக நடக்கின்றது, வேறொருவரிடம் பொறுப்பைத் தரவேண்டும் என அவை வற்புறுத்தின. தம் ஆற்றல் வரம்புக்குட்பட்டது, இஃது ஊதியமில்லாப் பணி என்று அவர் அமைதியாகவே விடையிறுத்தார். இறுதியில் பொறுப்பில் ஒரு பங்கு ‘ஜியா டானு’க்குச் சென்றது. வற்புறுத்தியோர் அதன்பின் மறைந்தனர். அவை திட்டமிட்டுப் புனையப்பட்ட பெயர்களே என்பது ஆராய்ந்தோர் பலரின் கருத்து.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் மறைவாயில் பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு என்னும் நிரலாளர், தம் கணிப்பொறியில் உள்நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கண்டு, விடாது ஆராய்ந்து, 2024 மார்ச் 29ஆம் நாள் பாதுகாப்புக்கான பொது மடலாடற் குழுவில் முழு விவரத்தையும் எழுதினார். சோதனை வழங்கல்களை எட்டியிருந்த அப்பதிப்புகள், பெருவழக்கான நிலைப்பதிப்புகளில் பரவுமுன் தடுக்கப்பட்டன. இங்கே கவனிக்க வேண்டியது, பூட்டை உடைக்கப் பயன்பட்ட முதற்கருவி நிரல் அன்று. நச்சரிக்கும் கடிதங்கள் என்பதே. தனியாகச் சுமப்பவரிடம் வரும் கடிதப் பெருக்கு வெறும் தொல்லை அன்று. பாதுகாப்பின் ஓட்டையும் ஆகும். அநாதை எனக் குறிக்கப்பட்ட உட்பிரிவைக் காட்டிலும், ஒருவரே தளர்ந்து தாங்கும் உட்பிரிவு ஆபத்தானது. ஏனெனில் பட்டியலில் அது நன்னிலையில் உள்ளதுபோலவே தோன்றும்.

அண்மையில் மற்றுமொரு சுமை சேர்ந்துள்ளது. வலைவழிக் கோப்புகளைக் கொணரும் கர்ல் என்னும் கருவியின் குழுவினர், பாதுகாப்புக் குறை கண்டறிவோர்க்கு 2019 முதல் பணப் பரிசு அளித்து வந்தனர். செயற்கை அறிவுப் பொறிகளைக் கொண்டு ஆக்கப்பட்ட, பார்வைக்குச் செம்மையும் உள்ளே வெறுமையுமான அறிக்கைகள் பெருகி, அவற்றைப் பொய்யெனக் காட்டுவதற்கே நேரம் போதாமையால், 2026 ஜனவரியோடு அப்பரிசுத் திட்டத்தை அவர்கள் முடித்துக்கொண்டனர். முன்பு தவறான கடிதத்தை எழுதவும் ஓரளவு உழைப்பு வேண்டியிருந்தது. அவ்வுழைப்பே ஒரு சல்லடையாக இருந்தது. இன்று எழுதுவோர்க்கு உழைப்பில்லை. படிப்போர்க்கு மட்டும் முழு உழைப்பு.

குறை கண்டவர் செய்ய வேண்டுவது

நம் நாட்டுப் பணியாளரும் ஆசிரியரும் இக்கடித உலகின் எல்லையில் எப்போதேனும் வந்து நிற்க நேரும். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்க முறைமை, 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் என்னும் திறந்த மூல வழங்கலை அடியொற்றியது. கேரளத்து அரசுப் பள்ளிகளிலும் கட்டற்ற மென்பொருளே பயன்படுத்தப்பட்டு வருகின்றது. ஒரு தமிழ் எழுத்து திரையில் சரியாகத் தோன்றாவிடின், அக்குறையைத் தெரிவிக்கும் வழி டெபியனில் பின்வருமாறு அமைந்துள்ளது.

குறைகள் பொது விவாதக் குழுவுக்குச் செல்வதில்லை. குறைப் பதிவேடு என்ற தனி அமைப்புக்கு மின்னஞ்சலாகச் செல்கின்றன. வந்தவுடன் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்படும். அவ்வெண்கள் 2021இலேயே பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. அந்த எண்ணே ஒரு முகவரியாகவும் ஆகிறது. அவ்வெண்ணுக்கு எழுதும் கடிதம் அக்குறையின் கோப்பில் தானே சேரும். குறிப்பிட்ட நிரலின் பராமரிப்பாளரையும் அடையும். மற்றோரைத் தொந்தரவு செய்யாது. குறையின் கடுமையும் குறிக்கப்பட வேண்டும். கணிப்பொறியையே குலைப்பது முதல், வெறும் விருப்பம் என்பது வரை அதற்குப் படிகள் உண்டு. தம் குறையை எல்லோரும் மிகக் கடுமையானது என்றே எண்ணுவது இயல்பு. அவ்வாறு எழுதினால் பராமரிப்பாளர் படியைக் குறைத்துவிடுவார்.

எழுதுமுன், அதே குறையை வேறொருவர் முன்னரே பதிந்துள்ளாரா எனத் தேடிப் பார்த்தல் வேண்டும். பதிந்திருப்பின் புதிய எண் பெறாது, பழைய எண்ணுக்கே தம் அனுபவத்தைச் சேர்த்து எழுதலாம். கடிதத்தில் நிரலின் பெயரும் பதிப்பு எண்ணும், எவ்வெவற்றைத் தட்டச்சு செய்தபோது குறை தோன்றியது என்பதும், தோன்ற வேண்டியது யாது, தோன்றியது யாது என்பதும் இருந்தாற் போதும். தமிழ் அறியாத ஒருவர் அதைப் படிக்கக்கூடும் என்பதால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு வலப்புறம் போய்விட்டது என்பது போன்ற குறையைச் சொல்லால் விளக்குவதோடு, திரையின் படத்தையும், சரியான வடிவத்தைக் காட்டும் மற்றொரு படத்தையும் சேர்த்து அனுப்புதல் நன்று. குறை நீங்கியதும் பராமரிப்பாளர், எண்ணோடு ‘முடிந்தது’ என்ற சொல்லைச் சேர்த்த முகவரிக்கு எழுதுவார்; கோப்பு மூடப்பட்டது என்ற செய்தி, முதலில் எழுதியவருக்குத் தானாகவே வந்து சேரும்.